பினாயில் வாசமும் பத்து நிமிடமும்

பினாயில் வாசம் அடித்தால் இடம் சுத்தம் என்று நம்பியே வளர்ந்தோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையக் கழிப்பறை என எல்லாவற்றுக்கும் மூக்குதான் சாட்சி. மதுரையில் ஒரு கால்நடை மருத்துவமனைக்கு எட்டு வாரச் சிப்பிப்பாறை நாய்க்குட்டியை முதல் தடுப்பூசிக்கு எடுத்துச் சென்ற அன்றும் அந்த வாசம்தான் வாசலில் வரவேற்றது. நல்ல இடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மர பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குட்டி அந்த பெஞ்சுக்கு அடியில் வாந்தி எடுத்திருந்தது. உதவியாளர் பினாயில் தண்ணீரில் நனைத்த துணியால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஈரம் காய்வதற்குள் எங்கள் குட்டி கீழே இறங்கி அந்த இடத்தை முகர்ந்தது, நக்கியது. ஆறாம் நாள் ரத்த பேதி. ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது.

நோய் அந்த பெஞ்சடியில்தான் ஒட்டியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். குட்டியை வாங்கிய வீட்டிலிருந்தோ எங்கள் தெருவிலிருந்தோ அது வந்திருக்கலாம். ஆனால் குணப்படுத்தப் போகும் இடத்திலேயே நோய் கைமாறுவது எப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, நாய், மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

குட்டியைக் கொன்றது பார்வோ வைரஸ். நாய்களைத் தாக்கும் இந்த வைரஸ் 1978 வாக்கில்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இரண்டே ஆண்டுகளில் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. அது அவ்வளவு வேகமாகப் பரவியதற்கான காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. சில வைரஸ்கள் கொழுப்பாலான மெல்லிய போர்வையைப் போர்த்தியிருக்கும். ரேபிஸ், டிஸ்டெம்பர், கொரோனா எல்லாம் அந்த வகை. பாத்திரத்து எண்ணெய்ப் பிசுக்கு சோப்பில் கரைவதுபோல் அந்தப் போர்வை கரையும். அத்தோடு வைரஸின் கதையும் முடியும். பார்வோவுக்குப் போர்வையே கிடையாது. இறுக்கமான புரத ஓடு மட்டும்தான். கையில் தடவும் சானிடைசரும் ஸ்பிரிட்டும் அந்த ஓட்டை உடைப்பதில்லை. பினாயிலை நம்பியும் பயனில்லை. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அது மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு கிடக்கும். நோய் கண்ட நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். வாந்தியோ பேதியோ தொடங்குவதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிடும் என்பதுதான் பெரிய சங்கடம். பெஞ்சில் துள்ளி விளையாடும் குட்டியும் நோயைச் சுமந்திருக்கலாம். அதைத் தொட்ட கை, அது நின்ற தரை, அந்தத் தரையை மிதித்த செருப்பு என்று பாதை நீண்டுகொண்டே போகும்.

பார்வோவை அழிப்பது பிளீச்சிங். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை தப்பினால் பிளீச்சிங்கும் வெறும் வாசம்தான்.

முதலில் வாந்தி, மலம், ரத்தம், முடி ஆகியவற்றை அள்ளி எடுத்துவிட வேண்டும். இது அலட்சியமாகத் தாண்டிப் போகும் படி அல்ல. அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் கிருமியைத் தொட அதற்குத் தெம்பு மிச்சமிருக்காது. அள்ளிய பிறகு சோப்பு நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு நீரை வழித்துவிட்ட பிறகே பிளீச்சிங் கரைசல். கடையில் கிடைக்கும் ஹைப்போகுளோரைட் திரவம் 5 சதவீதம் என்றால் அதில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் போதும். ஊராட்சிக்காரர்கள் சாக்கடை ஓரத்தில் தூவுகிற பிளீச்சிங் பவுடரில், புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். அதில் லிட்டருக்கு 6 கிராம் கரைத்தால் அதற்குக் குறையாத வீரியம் கிடைக்கும். ஊற்றிவிட்டு 10 நிமிடம் தரையை நனைந்த நிலையிலேயே விட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் அலசிக் காயவிட வேண்டும்.

அந்தப் 10 நிமிடத்தைப் பற்றித்தான் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். கிருமிநாசினி எதுவானாலும் தொட்டவுடன் கொல்வதில்லை. அதற்கு நேரம் தேவை. வாசலில் இருபது பேர் நாயும் பூனையுமாக நிற்கும்போது ஒரு மேசையைப் பத்து நிமிடம் சும்மா விடுவது எந்த மருத்துவமனைக்கும் கடினம் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு மேசை வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். ஒன்று ஊறிக்கொண்டிருக்கும்போது மற்றதில் வேலை நடக்கும். இரண்டாவது மேசை ஆடம்பரம் என்று நினைக்கும் நிர்வாகிகள் ஒரு நாள் வந்து அந்த வாசலில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மதுரைக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்று வெயில். பிளீச்சிங் சூட்டிலும் வெளிச்சத்திலும் நாளுக்கு நாள் வீரியம் இழக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில், ஜன்னலோரம் நிற்கும் வெள்ளைக் கேனில் என்ன மிச்சமிருக்கும்? கலக்கிய கரைசலை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மூல திரவம் இருட்டான, குளிர்ந்த அலமாரியில் இருக்க வேண்டும். மற்றொன்று தண்ணீர். இங்கே பல இடங்களில் ஆழ்குழாய் நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. சோப்பு நுரைக்காத அந்த நீரில், மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளும் வலுவிழக்கின்றன. பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு நல்ல தண்ணீருக்கானது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீனால் சேர்ந்த பொருள்கள் பூனைக்கு நஞ்சு. அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பினாயில் ஈரத்தில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும் பூனைக்குத் தீங்கு வரலாம். இன்னொன்று: கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ‘இரண்டும் சேர்ந்தால் இன்னும் சுத்தம்’ என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

நாய், பூனையை விட்டு மாட்டுக்கு வருவோம். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கால்நடை மருந்தகம் என்றால் வேப்பமர நிழல், மாட்டை நிறுத்தும் இரும்புக் கம்பிச் சட்டம், ஓர் அறை, ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர். பல கிராமங்களுக்கு அது ஒன்றுதான். அங்கே நோய் கைமாறும் முக்கியமான வழி ஊசி.

தடுப்பூசி முகாம் நாளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையிலேயே தெரு முழுக்க மாடுகள். மேய்ச்சலுக்கு ஓட்டும் நேரம் நெருங்க நெருங்க அவசரம் கூடும். ஒரே ஊசியால் பத்து, இருபது மாடுகளுக்குப் போட்டுக்கொண்டே போகும் ஆசை அங்கேதான் வருகிறது. ஊசி முனையில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தில் அனாபிளாஸ்மா போன்ற ரத்த ஒட்டுண்ணிகள் ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும். 2019-இல் ஒடிசா வழியாக நாட்டுக்குள் தெரியவந்து பிறகு தமிழ்நாட்டு மாடுகளையும் கொப்புளமாக்கிய தோல் கழலை நோய் முக்கியமாகக் கடிக்கும் ஈ, கொசுக்களால் பரவுகிறது. ஊசியும் ஒரு வகையில் கடிக்கும் கொசுதான். நோய் பரவும் காலத்தில் மாட்டுக்கு ஓர் ஊசி என்ற விதியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொரு தவறு இதைவிட மறைவானது. மாட்டின் உடம்பிலிருந்து எடுத்த ஊசியை அப்படியே மருந்துப் பாட்டிலின் ரப்பர் மூடியில் குத்தி அடுத்த அளவை உறிஞ்சுவது. அந்த ஒரு குத்தில் பாட்டில் முழுவதும் கெட்டுப்போகிறது. அதன்பின் அந்தப் பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு உயிருக்கும் ஆபத்து. இதற்கு எளிய வழி இருக்கிறது. பாட்டில் மூடியில் ஓர் ஊசியைக் குத்தி நிரந்தரமாக விட்டுவிட்டு, சிரிஞ்சை மட்டும் அதில் பொருத்தி மருந்தை உறிஞ்சிக்கொண்டு, மாட்டுக்கு வேறு ஊசி மாட்டிக்கொள்வது. சிரிஞ்சையும் ஊசியையும் ஸ்பிரிட்டில் முக்கி எடுத்தால் போதும் என்பவர்களும் உண்டு. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கருச்சிதைவு நோய்க்கும் போடும் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்தவை. ஊசியில் ஒட்டியிருக்கும் ஸ்பிரிட் அந்தத் தடுப்பூசியையே கொன்றுவிடும். ஊசி போட்டதுபோல் இருக்கும். ஆட்டுக்கு எதிர்ப்பாற்றல் வந்திருக்காது.

1962 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் வீட்டுக்கே கால்நடை மருத்துவ ஊர்தி வருகிறது. நோயுற்ற மாட்டைப் பத்து மாடுகள் நிற்கும் இடத்துக்கு நடத்திச் செல்ல வேண்டியதில்லை என்பது பெரிய நன்மை. அதே சமயம் ஒரு தொழுவத்துச் சாணியை மிதித்த பூட்ஸ் அடுத்த தொழுவத்துக்குப் போகிறது. மாட்டின் வாயிலும் காலிலும் கொப்புளம் போடும் கோமாரி நோயின் வைரஸுக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. சலவை சோடாவை லிட்டருக்கு 40 கிராம் கரைத்து ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, பூட்ஸைப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு அதில் நிறுத்தினால் அந்த வைரஸ் தாங்காது. ஒரு வாளி, ஒரு பிரஷ், மளிகைக் கடையில் கிடைக்கும் சோடா, இவ்வளவுதான் செலவு. பொங்கல் நாட்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு முன் காளைகள் மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போதும் இதே கவனம் வேண்டும். வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே கோமாரி கண்ட மாடு வைரஸை வெளிவிடத் தொடங்கிவிடும். ஒரு காளையின் வாயைத் திறந்து பார்த்த கை, கழுவாமல் அடுத்த காளையின் வாய்க்குப் போகக் கூடாது.

இதுவரை ஒரு விலங்கிலிருந்து இன்னொரு விலங்குக்குப் போவதைச் சொன்னேன். மனிதருக்கு வருவதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயில் எச்சில் நூலாக ஒழுகுகிறது. தண்ணீரை விழுங்கத் திணறுகிறது. தொண்டையில் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று வீட்டுக்காரர் நினைக்கிறார்; சட்டையை மடித்துவிட்டு முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தானும் ஒரு முறை துழாவுகிறார். மருந்தகத்துக்குப் போனால் அங்கேயும் ஒருவர் அவசரத்தில் கையை விடுகிறார். சில வாரங்களுக்கு முன் தெருநாய் ஒன்று அந்த மாட்டைக் கடித்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மாட்டுக்கு வந்திருப்பது வெறிநோய். ரேபிஸ் கண்ட மாடு நாயைப்போல் துரத்திக் கடிக்காமல், இப்படி ஊமையாக எச்சில் ஒழுக்கிக்கொண்டும் நிற்கும். அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறது. கையில் ஒரு சிராய்ப்பு, நகக்கண்ணில் ஒரு வெட்டு இருந்தால் அது உள்ளே நுழைந்துவிடும். நோய்க்குறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை.

ஆனால் நோய்க்குறி தோன்றும் முன் தடுக்க முழு வாய்ப்பு இருக்கிறது. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். ரேபிஸ் போர்வை போர்த்திய வகை வைரஸ் என்று முன்பே சொன்னேன். எச்சில் பட்ட காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுவதே முதல் மருத்துவம். அதன்பின் உடனே அரசு மருத்துவமனை. காயத்தில் எச்சில் பட்டிருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) தேவை என்பதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டின் கயிற்றைப் பிடித்தவர், கஞ்சி ஊட்டியவர், மூக்கணாங்கயிறு மாற்றியவர் என்று அன்றே ஒரு பட்டியல் எழுதி, எச்சில் பட்டவர்கள் அனைவரையும் அனுப்ப வேண்டும்.

கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். மருத்துவர் மட்டும் என்றில்லை. கூண்டு கழுவுபவர், கயிறு பிடிப்பவர், பயிற்சிக்கு வந்த மாணவர், எல்லோரும். இந்தியாவில் இதை 0, 7 ஆகிய நாட்களிலும் 21 அல்லது 28-ஆம் நாளிலும் போடும் வழக்கம் இருந்தது. 0, 7 என்ற இரண்டு நாள் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. முன்கூட்டியே போட்டவரை நாய் கடித்தால் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊக்க ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. கூண்டு கழுவும் தாய்க்குலம் தினக்கூலி என்ற காரணத்தால் இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போவதைக் கேள்விப்படும்போது எனக்குப் பொறுக்கவில்லை. நாயின் வாய்க்கு அருகே அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

கன்று வீசிய, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்த மாடு இன்னோர் ஆபத்து. சினை ஏழெட்டு மாதத்தில் கன்று வீசினால் கருச்சிதைவு நோயை உண்டாக்கும் புருசெல்லா கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் அந்தத் திரவத்திலும் கிருமி நிறைந்திருக்கும். நஞ்சுக்கொடி தங்கிவிட்டது என்று வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவருக்குப் பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, முதுகுவலி என்று மாதக்கணக்கில் இழுக்கும். வேலை அலுப்பு என்றே பலரும் அதைக் கடத்திவிடுவார்கள். தோள் வரை வரும் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, எடுத்ததை நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, இவை மூன்றும் கட்டாயம். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கு ஒரே ஒரு தடுப்பூசி போடுகிறார்கள். கோமாரியோடு சேர்த்து இதற்கும் தேசியத் திட்டம் 2019-இல் தொடங்கியது. அந்த ஊசி தவறிப்போய், போடுபவர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். ஆகவே கன்றை அசையாமல் பிடித்துக் கொடுங்கள். பிடிக்காமல் வேடிக்கை பார்ப்பது மருத்துவருக்குச் செய்யும் தீங்கு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தண்ணீரில் கொதிக்க வைப்பது பல கிருமிகளைக் கொல்லும். ரண ஜன்னி (டெட்டனஸ்) உண்டாக்கும் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. அதற்கு நீராவி அழுத்தத்தில் 121 டிகிரி சூடு, குறைந்தது 15 நிமிடம் வேண்டும். அந்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவ் இருந்தும் ரத்தம் காய்ந்து ஒட்டிய கத்தரிக்கோலைத் தேய்க்காமல் அப்படியே உள்ளே வைத்தால் பலனில்லை. கழிவுக்கும் சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்: உடல் திசுவும் ரத்தம் பட்ட பஞ்சும் மஞ்சள் பையில், குளுக்கோஸ் குழாயும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டும் பழக்கத்தால்தான் கையில் குத்திக்கொள்வது அதிகம் நேர்கிறது.

வசதி குறைந்த கிராமத்து மருந்தகத்தை மட்டும் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் மையம் குதிரை மருத்துவத்தில் பேர்பெற்ற இடம். 2004-இல் சால்மொனெல்லா கிருமி உள்ளே புகுந்து நோயாளி விலங்குகளிடையே பரவியதால், அதன் பெரிய விலங்கு மருத்துவமனையையே சில மாதங்கள் மூடிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பணமும் படிப்பும் கட்டடமும் குவிந்த இடத்திலேயே அது நடந்திருக்கிறது. ஒழுங்கு ஒரு நாள் தளர்ந்தாலும் போதும், கிருமி நுழைந்துவிடும்.

பணமில்லாமல் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. தடுப்பூசிக்கு வரும் குட்டிகளைக் காலையில் முதலில் பார்ப்பது. வாந்தி, பேதி நோயாளிகளைக் கடைசியில் பார்ப்பது. வேலையின் ஓட்டமே ஆரோக்கியத்திலிருந்து நோயை நோக்கிப் போக வேண்டும். பேதி நாய்க்குக் குளுக்கோஸ் ஏற்ற ஒரு மூலை, அந்த மூலைக்கென்றே தனி வாளி, தனித் துடைப்பம், தனிச் செருப்பு. மர பெஞ்சை எடுத்துவிட்டுக் கடப்பாக் கல் போடுவது, ஏனென்றால் மரத்தின் கீறல்களுக்குள் கரைசல் எட்டாது. ரெக்சின் கிழிந்த மேசையும் அப்படித்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே சோப்பால் கை கழுவுவது. அதற்குத் தண்ணீர் வரும் குழாய் பரிசோதனை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வராந்தா கோடியில் இருந்தால் யார் எத்தனை முறை நடப்பார்கள்?

வளர்ப்பவர்கள் பக்கத்துக்கும் கடமை உண்டு. போன் செய்துவிட்டுப் போங்கள். பேதியா, இருமலா, கன்று வீச்சா என்று முன்பே சொல்லுங்கள். குட்டியைத் தரையில் விடாமல் மடியிலோ கூடையிலோ வையுங்கள். பக்கத்து நாயோடு மூக்கை உரசவிட்டு ‘நண்பனாக்கிக்கொள்கிறான்’ என்று ரசிக்க அது இடமில்லை. பார்வோ தடுப்பூசியைப் பொறுத்தவரை ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அது என்றைக்கு விலகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

குட்டி இறந்த பிறகு, வீட்டில் புதுக் குட்டி எடுக்க ஓராண்டு பொறுக்கும்படி வேறொரு மருத்துவர் சொன்னார். அது படுத்த சாக்கை எரித்தோம். சிமென்ட் தரையைச் சொன்ன வரிசைப்படி கழுவினோம். கொல்லை மண்ணை மேலாக வெட்டி எடுத்துவிட்டு வெயில் காயவிட்டோம். பதினான்கு மாதம் கழித்து மறுபடியும் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வந்தது. தடுப்பூசி நாளில் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் காத்திருப்புக் கூலி கேட்கவில்லை. அவர் வீட்டிலும் ஆடு இருக்கிறதாம். உள்ளே மேசை பளபளவென்று நனைந்து கிடந்தது. மருத்துவர் சோப்பு நுரைத்த கையோடு வாசலுக்கு வந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. அங்கேயே இருங்கள், நானே வந்து கூப்பிடுகிறேன்” என்றார்.